இன்னும் டயல்-அப் இணையத்தை வைத்திருப்போர் ஏன் இருக்கிறார்கள்? கடைமடையில் அது இன்று உதவுமா?

வடுவூர்வாசி (மன்னார்குடி):

அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் தன் டயல்-அப் சேவையை (தொலைபேசிக் கம்பி வழியாக ஓர் எண்ணை அழைத்து இணையத்தில் நுழையும் பழைய முறை) 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டது. நின்றுபோனதைவிட, அதுவரை அது நடந்துகொண்டிருந்தது என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 1,63,000 வீடுகள் இணையத்துக்கு டயல்-அப்பை மட்டுமே நம்பியிருந்தன. செயற்கைக்கோள் வழியாக இணையம் விற்கும் நாட்டிலேயே இப்படியென்றால், பழக்கத்தைத் தவிர வேறு காரணங்களும் இருக்க வேண்டும். அவை எவை என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி சொந்தக் காரியம். என் பெரியப்பாவும் பெரியம்மாவும் தலைஞாயிற்றுக்கு அப்பால் ஒரு கடைமடைக் கிராமத்தில் இருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் வெளியூரில். வீட்டுக்குள் கைபேசிக்குச் சிக்னல் வருவதில்லை, களத்துமேட்டுக்குப் போனால் இரண்டு கோடு தெரியும். பழைய தரைவழித் தொலைபேசி மட்டும் இன்றும் டயல் டோனுடன் இருக்கிறது. பெரியப்பாவுக்கு வேண்டியவை பேத்தியின் மின்னஞ்சல், நாளிதழின் தலைப்புச் செய்திகள், மேட்டூர் அணையின் நீர்மட்டமும் வரத்தும் திறப்பும், இவ்வளவுதான். பரணில் ஒரு பழைய 56கே (நொடிக்கு 56 கிலோபிட்) மோடம் கிடக்கிறது. மெதுவாக வந்தாலும் சரி, அந்தக் கம்பி வழியாகவே இவற்றை வரவழைக்க முடியுமா? "வேறு சிம் வாங்கிக் கொடுங்கள்" என்று ஒற்றை வரியில் பதில் எழுத வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். அதெல்லாம் செய்து பார்த்தாயிற்று.

பழைய இணைப்பகத்தார் (திருவாரூர்):

தொலைபேசித் துறையில் டெல்டா மாவட்டங்களில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். முதல் கேள்விக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இரண்டாவதற்கான விடையின் பாதி அதிலேயே இருக்கிறது.

டயல்-அப் எங்கெல்லாம் தங்கியிருக்கிறதோ, அங்கெல்லாம் தொலைபேசிக் கம்பி வெகு காலத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். அதற்குப் பிறகு வேறெதுவும் போயிருக்காது. 1980-இலேயே அமெரிக்க வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் தொலைபேசி இருந்தது. பக்கத்து வீடே கண்ணுக்குத் தெரியாத பண்ணை வீடுகளுக்கும், எல்லோருக்கும் தொலைபேசி என்ற கொள்கையின் பேரில், மைல் கணக்கில் செப்புக் கம்பி இழுத்தார்கள். மோடத்துக்கு அதுவே போதும். தரவை ஒலியாக மாற்றி, குரலுக்கென்று ஒதுக்கப்பட்ட 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்துக்குள்ளேயே அது அனுப்பிவிடுவதால், குரல் போகும் இடமெல்லாம் மோடமும் போகும். டிஎஸ்எல் என்ற அகலக்கற்றை முறை அதே கம்பியில் குரலுக்கு மேலுள்ள உயர் அதிர்வெண்களைப் பயன்படுத்துகிறது. அவை கம்பி நீள நீளத் தேய்ந்துபோகும். தொலைபேசி இணைப்பகத்திலிருந்து ஐந்து கிலோமீட்டரைத் தாண்டிய வீட்டுக்கு டிஎஸ்எல் கொடுப்பது அரிது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நீண்ட கம்பியில் குரல் தெளிவாகக் கேட்பதற்காக 6,000 அடிக்கு ஒன்றாக லோடிங் காயில் என்ற கம்பிச் சுருளைப் போடும் வழக்கம் இருந்தது. அந்தக் காயில் குரலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களை அடியோடு அடைத்துவிடும். பேச்சுக்காகக் கவனமாகப் போடப்பட்ட தொலைதூரக் கம்பியில் டிஎஸ்எல் வராமலும் டயல்-அப் மட்டும் வந்துகொண்டும் இருந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

நம் பக்கத்துக் கதை முற்றிலும் வேறு. இந்தியாவில் தரைவழி இணைப்புகள் உச்சத்தில் இருந்த 2005, 2006 ஆண்டுகளில்கூட நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்குச் சுமார் 5 கோடி இணைப்புகள்தாம் இருந்தன. 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனம் குளிர்சாதன அறை இல்லாமலேயே இயங்கக்கூடிய 128 முனைக் கிராம இணைப்பகத்தை உருவாக்கிய பிறகுதான் நம் கிராமங்களில் தானியங்கித் தொலைபேசி பரவியது. அப்போதும் அது யார் வீட்டுக்குப் போனது? பெரிய நிலக்காரர், மருத்துவர், உரக்கடை, அரிசி ஆலை, கூட்டுறவுச் சங்கம், எஸ்டிடி பூத். வாய்க்கால் கரையோரம் குடியிருந்தவர் வீட்டில் தொலைபேசி ஒருநாளும் மணியடித்ததில்லை. கைபேசி வந்தபோது அவர் கம்பியைக் கைவிட்டு அதற்கு மாறினார் என்று சொல்வதற்கில்லை; அவரிடம் கைவிடுவதற்குக் கம்பியே இருந்ததில்லை. டெல்டாவில் இன்று டயல்-அப் இல்லாததை நம் முன்னேற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கம்பி போன வீடுகளிலும் நம் மண் அதை நெடுநாள் விட்டுவைக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலோரம் புதைத்த கேபிளின் ஜாயின்டில் தண்ணீர் இறங்கிவிட்டால், பேசுகிறவருக்குக் கரகரப்பாகக் கேட்பது மோடத்துக்கு இணைப்பு அறுந்ததாகவே படும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று வேறு. ஜெல்லி நிரப்பிய கேபிள் வந்த பிறகு தொல்லை குறைந்ததே தவிர, தீரவில்லை.

இனி உங்கள் மோடத்தைப் பற்றி. அது கெட்டுப்போகாமலேயே இருக்கலாம். அது அழைக்கும்போது எதிர்முனையில் எடுப்பதற்குத்தான் எவரும் இல்லை. டயல்-அப் என்றால் சேவை தருபவரிடம் வரிசையாக மோடங்கள் காத்திருக்க வேண்டும். ஈ1 என்ற ஓர் இலக்கமுறைத் தொலைபேசித் தடத்தில் ஒரே நேரத்தில் 30 பேர்தாம் நுழைய முடியும். முந்நூறு பேர் சேர்ந்து வந்தால் பத்துத் தடங்கள் வேண்டும். அழைப்பவர்கள் குறைந்ததும் அந்தக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுப்பதே நட்டமாகிவிட்டது. மேலும், பழைய இணைப்பகங்களை ஐபி அடிப்படையிலான புதிய தலைமுறை இணைப்பகங்களாக பிஎஸ்என்எல் பல ஆண்டுகளாகவே மாற்றி வருகிறது. பெரியப்பா வீட்டுக் கம்பி செம்பாக இருந்தாலும், இணைப்பகத்தைத் தாண்டியதும் அவர் குரல் துண்டு துண்டான தரவுப் பொட்டலங்களாகத்தான் போகும். நடுவில் ஒன்றிரண்டு பொட்டலங்கள் தொலைந்தால் இயந்திரமே ஒரு ஒலியை ஊகித்து இட்டு நிரப்பிவிடும். மனிதக் காது அதை மன்னித்துவிடும், மோடம் மன்னிக்காது.

குடந்தை இளவல் (கும்பகோணம்):

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு நாள் ஒன்றுக்கு ஒரு ஜிபி என்று செலவழிக்கும் நாட்டில், 56 கிலோபிட்டைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று தோன்றுகிறது. அமெரிக்க முதியவர்கள் மாற மனமில்லாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான். மாற்றத்தை ஏற்காதவர்களின் பிடிவாதத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் தேடிக்கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

வெட்டாற்று வெளிநாட்டான் (சொந்த ஊர் வலங்கைமான், இப்போது அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா):

தம்பி இளவலுக்கு: இங்கு வந்து ஒரு குளிர்காலம் இருந்து பார்த்துவிட்டுப் பிடிவாதம் என்று சொல்லுங்கள். நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளில் பலர், ஒரு மடிப்பு மலைக்கும் அடுத்த மடிப்பு மலைக்கும் இடையில் இருக்கும் பள்ளங்களில் குடியிருப்பவர்கள். நம் ஊர் போல எங்கு நின்றாலும் அடிவானம் தெரியும் சமவெளி இதுவல்ல. கோபுரம் மலையின் அந்தப் பக்கம் இருந்தால், இந்தப் பக்கத்துக்கு அது இல்லாததற்குச் சமம். கேபிள் நிறுவனத்தைக் கூப்பிட்டால், பிரதான சாலையிலிருந்து வீடு வரை இழுக்கும் செலவை நீங்களே ஏற்க வேண்டும் என்று ஒரு மதிப்பீட்டை அனுப்புவார்கள். அந்தத் தொகையைப் பார்த்தபின் பெரும்பாலோர் மறுபடி கூப்பிடுவதில்லை.

இதே மாநிலத்தில் கிரீன் பேங்க் என்ற சிற்றூரில் பெரிய வானொலித் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதற்கு இடையூறு வரக்கூடாது என்பதற்காக 1958-இல் சுற்றிலும் ஏறத்தாழ 13,000 சதுர மைல் பரப்பை வானொலி அமைதி மண்டலமாக அறிவித்தார்கள். தொலைநோக்கிக்கு அருகில் கைபேசிக் கோபுரத்துக்கும் வைஃபைக்கும்கூடக் கட்டுப்பாடு உண்டு. அத்தகைய இடத்தில் கம்பியில் வருவது எதுவோ அதுதான் இணையம். அங்கே மனத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

செயற்கைக்கோள் இருக்கிறதே என்பீர்கள். பழைய வகைச் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. ஒரு சொடுக்குக்குப் பதில் வந்து சேர அரை நொடிக்கு மேல் ஆகும். மாதக் கட்டணமும் டயல்-அப்பைப் போலப் பல மடங்கு. ஸ்டார்லிங்க் தாழ்வாகச் சுற்றுவதால் தாமதம் குறைவுதான், ஆனால் தட்டின் விலையும் மாதக் கட்டணமும் ஓய்வூதியத்தில் வாழ்பவருக்குச் சிறு தொகை அல்ல. ஏழை வீடுகளின் இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் வரை அரசு ஏற்றுக்கொண்ட திட்டம் ஒன்று இருந்தது. பணம் தீர்ந்து 2024-இல் அதுவும் முடிந்துவிட்டது.

இளவல் சொல்லும் பழக்கமும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஏஓஎல் மின்னஞ்சல் முகவரியை இழந்துவிடுவோம் என்று அஞ்சி மாதாமாதம் டயல்-அப் சந்தா கட்டியவர்கள் இருந்தார்கள். அந்த மின்னஞ்சல் 2006-லிருந்தே எல்லோருக்கும் இலவசம்; ஆனால் வங்கியிலிருந்து தானாகப் போகும் பணத்தைப் பலர் திரும்பிப் பார்ப்பதில்லை. 2015-இல்கூட ஏறத்தாழ 21 லட்சம் பேர் ஏஓஎல் டயல்-அப் சந்தாதாரர்களாக இருந்ததாக அந்நிறுவனத்தின் கணக்கே சொல்லியது. அத்தனை பேரும் மோடத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை.

கூத்தாநல்லூர் கணினிக்கடை:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் ஊரிலும் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கங்களிலும் டயல்-அப் எதற்குப் பயன்பட்டது என்பதை யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று இருந்த ஊர்கள் இவை. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் என்ற அரசு நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது அது சென்னை போன்ற பெருநகரங்களோடு நின்றது. தனியார் சேவை நிறுவனங்களுக்கு 1998-இல் அனுமதி கிடைத்த பிறகுதான் எங்களைப் போன்ற சிற்றூர்களுக்கு வழி பிறந்தது. 172 என்று தொடங்கும் எண்ணை அழைத்தால் உள்ளூர்க் கட்டணம்தான் என்றானதும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன.

நானும் ஒன்று நடத்தினேன். ஒரே தொலைபேசி இணைப்பு, ஒரே மோடம், அதை நான்கு கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க ஒரு மென்பொருள். நால்வரும் ஒன்றாக அஞ்சலைத் திறந்தால் நால்வருக்கும் திரை வெள்ளையாகவே நிற்கும். அதனால் வந்தவர்களைக் கடிதத்தை முதலில் நோட்பேடில் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டு, இணைப்பைப் போட்டதும் ஒட்டி அனுப்பிவிட்டு உடனே துண்டிப்பேன். அந்தப் பக்கம் மீட்டர் மூன்று நிமிடத்துக்கு ஓர் அழைப்பு என்று ஓடிக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் வாடிக்கையாளரிடம் மணிக்கணக்கில் வாங்குவேன். இரண்டுக்கும் இடையில் கிடைப்பதுதான் என் வருமானம்.

வீடுகளில் டயல்-அப் நிலைக்காமல் போனதற்கு எங்கள் ஊரில் வேகம் காரணமே அல்ல. இணையம் ஓடும்போது தொலைபேசி எங்கேஜ்டாக இருக்கும். துபாயிலிருந்து மகன் வெள்ளிக்கிழமை கூப்பிடுவான் என்று காத்திருக்கும் வீட்டில், பேரப்பிள்ளை பாட்டுப் பதிவிறக்கம் செய்கிறேன் என்று இணைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்று எழுத வேண்டியதில்லை. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் என்ற அகலக்கற்றைச் சேவையைத் தொடங்கியபோது, பேசிக்கொண்டே இணையம் பார்க்கலாம் என்ற ஒன்றைச் சொல்லித்தான் நான் பலரை அதில் சேர்த்தேன். அதன் தொடக்க வேகம் 256 கிலோபிட்; யாரும் அதைக் கேட்டதாக நினைவில்லை.

தஞ்சை வலைப்பின்னல் (தஞ்சாவூர்):

கேள்வி கேட்டவர் மேட்டூர் நீர்மட்டத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். டயல்-அப் ஏன் செத்தது என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. நீர்மட்டம் எத்தனை அடி, இருப்பு எத்தனை டிஎம்சி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு; இவை நான்கு எண்கள். தமிழில் தலைப்போடு எழுதினாலும் சில நூறு பைட்டுக்குள் அடங்கிவிடும். 56கே மோடத்தில் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 5 கிலோபைட் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு எண்களும் கண் இமைப்பதற்குள் வந்துவிடும். ஆனால் அவற்றைத் தாங்கி வரும் இன்றைய செய்திப் பக்கத்தில் படங்களும் விளம்பரங்களும் நிரல்களும் சேர்ந்து 3 மெகாபைட் ஏறிவிடுகிறது. அது வர பத்து நிமிடம். பேத்தி அனுப்பும் 4 மெகாபைட் புகைப்படத்துக்கு அதற்கும் மேல். கணினியின் மாதாந்திர மென்பொருள் புதுப்பிப்பு 500 மெகாபைட் என்றால், ஒரு நாளைக்கு மேல் இணைப்பு அறுபடாமல் இருக்க வேண்டும். கம்பி 1998-இல் கொடுத்ததையே இன்றும் கொடுக்கிறது. அதன் மேல் ஏற்றும் சுமைதான் கூடிவிட்டது. டயல்-அப்பை வைத்துக்கொண்டிருந்த அமெரிக்கர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன், நான்கு எண்களுக்காக 3 மெகாபைட் அனுப்புகிறவர்களைப் பார்த்தும் கொஞ்சம் சிரிக்கலாம்.

பழைய கணினியைத் தூசி தட்டி எடுத்தாலும் வேறொரு கதவு மூடியிருக்கும். பாதுகாப்பு இணைப்புக்கான பழைய டிஎல்எஸ் பதிப்புகளை முக்கிய உலாவிகள் 2020-இல் கைவிட்டுவிட்டன. மோடத்தின் காலத்து உலாவி இன்றைய தளங்களில் பெரும்பாலானவற்றின் வாசலிலேயே நின்றுவிடும்.

56 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்பார்கள். இணைப்பகம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதுகிறது. மொத்தம் 64 கிலோபிட். அதில் நம்பத்தக்க 7 பிட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் 56. 1998-இல் வந்த வி.90 தரம் இறங்கு திசைக்கு இதைத்தான் பயன்படுத்தியது. ஏறு திசையில் 33.6-க்கு மேல் போக முடியவில்லை. அனலாக் கம்பியில் இரைச்சலோடு போராடி அதற்கு மேல் கறக்க இயலாது என்பது கணக்கில் ஏற்கெனவே தெரிந்த எல்லைதான்.

மோடம் இன்னும் உயிரோடிருக்கும் ஓர் இடத்தை எவரும் சொல்லவில்லை: கடைகளில் அட்டை தேய்க்கும் கருவி. நம் ஜவுளிக்கடைகளில் முதலில் வந்தவை தொலைபேசிக் கம்பியில் ஓடியவை. பிறகு சிம் அட்டைக்கு மாறின. பல நாடுகளில் கம்பியில் ஓடுபவை இன்னும் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை 56கே மோடத்தைப் பயன்படுத்துவதில்லை, 1,200 அல்லது 2,400 பிட் வேகத்தில்தான் பேசுகின்றன. 56கே மோடங்கள் ஒன்றையொன்று புரிந்துகொண்டு பேசத் தொடங்கவே இருபது நொடிக்கு மேல் ஆகும். சில நூறு பைட் அனுப்புவதற்கு அந்தப் பூர்வாங்கமே அதிகம். குறைந்த வேக மோடம் எடுத்ததும் பேசிவிடும். அனுப்ப வேண்டியது சிறிதாக இருந்தால் மெதுவான மோடமே முதலில் முடிக்கும்.

2011 ஜனவரி இறுதியில் எகிப்து அரசு நாட்டின் இணையத்தை ஏறத்தாழ முழுமையாக முடக்கியபோது, பிரான்சின் எஃப்டிஎன் என்ற லாப நோக்கற்ற சேவை தன் பாரிஸ் டயல்-அப் எண்ணை எகிப்தியருக்குத் திறந்துவிட்டது. வெளிநாட்டு அழைப்பு போகும் தொலைபேசி இருந்தவர்கள் அதன் வழியாக வெளியுலகை எட்ட முடிந்தது. இப்படியொரு நாளுக்காகவே மோடத்தை வைத்திருப்பவர்கள் உண்டு.

வடுவூர்வாசி (மன்னார்குடி):

எல்லோருக்கும் நன்றி. மோடம் பரணிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் எகிப்து பற்றிப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பக்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கைபேசிக்குச் சார்ஜ் போடவே ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் நின்றோம். செப்புக் கம்பிக்கு மின்சாரம் இணைப்பகத்திலிருந்தே வரும் என்கிறார்களே, அந்த ஒரு காரணத்துக்காகவாவது பெரியப்பா அந்தத் தொலைபேசியை வைத்துக்கொள்ளலாமா? இணையத்துக்கு வேறு என்ன வழி என்பதையும் பழைய இணைப்பகத்தார் ஐயா சொன்னால் நல்லது.

பழைய இணைப்பகத்தார் (திருவாரூர்):

வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதையே முழுக்க நம்ப வேண்டாம். செப்புக் கம்பிக்கு இணைப்பகத்தின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரம் வருகிறது என்பது உண்மை. ஊரில் மின்தடை ஏற்பட்டாலும் கறுப்புத் தொலைபேசி வேலை செய்ததன் ரகசியம் அதுவே. பேட்டரியும் வற்றும்; டீசல் தீர்ந்தால் இணைப்பகமும் ஊமைதான். அதோடு கஜாவின்போது மரம் விழுந்து வீட்டுக்கு வரும் டிராப் ஒயரும் சேர்ந்து அறுந்தது. மின்கம்பங்களின் மேல் கட்டி இழுத்த எதுவும் அன்று தப்பவில்லை. கிராமங்களுக்கு இணையம் கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்தின்கீழ் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளை இணைப்பதற்கான கண்ணாடி இழையும் பெரும்பாலும் கம்பங்களின் வழியாகவே போகிறது என்பதால், புயல் நேரத்துக்கு அதையும் காப்பாக எண்ண வேண்டாம். ஒரு சிறிய சூரியத் தகடும் பேட்டரியும் வாங்கி வைப்பது இவை எல்லாவற்றையும்விடப் பயன்படும்.

இணையத்துக்கு வருவோம். களத்துமேட்டில் இரண்டு கோடு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் மூலதனம். வலங்கைமான்காரர் சொன்னபடி அவர் இருப்பது மலை, நாம் இருப்பது தாம்பாளம் போன்ற சமவெளி. இங்கே சிக்னலைத் தடுப்பவை தென்னந்தோப்பும், மாடி வீடும், தூரமும்தான். சிம் போடும் 4ஜி ரவுட்டர் ஒன்று, வெளியே ஆன்டெனா பொருத்தும் வசதியுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். திசை நோக்கும் ஆன்டெனாவைத் தென்னை மட்டத்துக்கு மேல் ஓர் இரும்புக் குழாயில் உயர்த்திக் கோபுரத்தைப் பார்க்க வையுங்கள். ஆன்டெனாவிலிருந்து ரவுட்டர் வரை போகும் கேபிள் நீண்டால் பெற்ற பலனை அதுவே தின்றுவிடும் என்பதால், ரவுட்டரையும் குழாய்க்கு அருகிலேயே மழை படாத பெட்டியில் வைத்துவிட்டு, வீட்டுக்குள் ஈதர்நெட் கம்பியைக் கொண்டுபோவது நல்லது. இடிக்கு எர்த் போடாமல் எதையும் ஏற்ற வேண்டாம்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கைபேசியின் அமைப்புகளில் சிக்னல் வலிமை டிபிஎம் கணக்கில், கழித்தல் குறியோடு ஓர் எண்ணாகத் தெரியும். களத்துமேட்டிலும் மொட்டை மாடியிலும் வீட்டுக்குள்ளும், எத்தனை நிறுவனங்களின் சிம் கிடைக்குமோ அத்தனையையும் போட்டுப் பார்த்து, அந்த எண்களைக் குறித்து அனுப்புங்கள். களத்துமேட்டில் கழித்தல் 105-க்கு அருகில் இருந்தாலும் ஆன்டெனாவால் மின்னஞ்சலுக்கும் செய்திக்கும் தாராளமாகப் போதும். கழித்தல் 120-ஐ ஒட்டி இருந்தால் குழாயின் உயரத்தைப் பற்றி மறுபடி பேச வேண்டும். கோபுரம் தலைஞாயிற்றுப் பக்கம் இருக்கிறதா, வேதாரண்யம் சாலைப் பக்கம் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.

மேட்டூர் நீர்மட்டத்துக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மன்னார்குடியில் நீங்கள் காலையில் பார்க்கும் அந்த நான்கு எண்களையும் பெரியப்பாவின் தரைவழித் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.